பனமலை டு மொரிஷியஸ்: டிக்கெட் போடும் முன் பார்க்க வேண்டியது விலை மட்டும்தானா?

பனமலையில் இருப்பவர்களுக்குக் கடல் ஒன்றும் புதிது இல்லை. தாளகிரீஸ்வரர் கோயில் பாறையிலிருந்து இறங்கி வண்டியை எடுத்தால், இரண்டு மணி நேரத்துக்குள் புதுச்சேரி கடற்கரையில் நிற்கலாம். ஆனால், செல்போனில் வரும் கடல் வேற. வெள்ளை மணல், பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், பின்னால் ஒரு மலை. கீழே ஒரு வரி: ‘மொரிஷியஸ், இந்தியர்களுக்கு விசா தேவையில்லை’.

இப்படி ஒருவரை வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் பனமலை, வேலை சென்னையில். ஆபீஸில் ஒரு வாரம் லீவு சொல்லியாச்சு. அப்பா, அம்மாவையும் கூட்டிப்போக ஆசை. இரண்டு பேருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். ராத்திரி டிக்கெட் தேடினால் இரண்டு வழிகள் வருகின்றன. சென்னையிலிருந்து மொரிஷியஸ் வரை ஒரே டிக்கெட் என்றால் ஒரு விலை. சென்னை - மும்பை தனியாக, மும்பை - மொரிஷியஸ் தனியாகப் போட்டால் தலைக்குச் சில ஆயிரம் ரூபாய் குறைவு. மூன்று பேருக்குக் கணக்குப் போட்டால் நல்ல தொகை. விரல் தானாக இரண்டாவதை நோக்கிப் போகும்.

அந்தச் சில ஆயிரம் உண்மையிலேயே மிச்சமா என்பதுதான் கேள்வி.

முதலில், ஏன் மொரிஷியஸ்?

பாலி, புகெட், மாலத்தீவு எல்லாம் இருக்கும்போது ஆப்பிரிக்கா பக்கம் எதற்குப் போக வேண்டும் என்று கேட்கலாம். பெற்றோருடன் முதல் முறை போகிறவர்களுக்கு அதில் சில வசதிகள் இருக்கின்றன. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் சுற்றுலாவாகப் போனால் 60 நாள் வரை முன்கூட்டியே விசா வாங்கத் தேவையில்லை. ரிட்டர்ன் டிக்கெட், தங்குமிட புக்கிங், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். புறப்படும் முன் அந்த நாட்டு அரசின் இணையப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். நேர வித்தியாசம் வெறும் ஒன்றரை மணி நேரம். இங்கே காலை 9 மணி என்றால் அங்கே 7.30. ஜெட்லாக் என்ற பேச்சே இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ‘இசிஆர்’ வகையில் வரும். அதாவது, குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மொரிஷியஸ் இல்லை. சுற்றுலாவுக்குப் போக இசிஆர் தடை இல்லைதான். ஆனால் பட்டியலில் உள்ள நாட்டுக்குப் போகும்போது குடியேற்றக் கவுன்ட்டரில் கூடுதலாக நாலு கேள்வி வரும், ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டச் சொல்வார்கள். வாழ்நாளில் முதல் முறையாக அந்தக் கவுன்ட்டர் முன் நிற்கும் அம்மாவுக்கு அது பதற்றம்தான். 50 வயது தாண்டியவர்களும் வருமான வரி கட்டுபவர்களும் இசிஆர் இல்லாத பாஸ்போர்ட்டுக்குத் தகுதியானவர்கள். விண்ணப்பத்திலேயே அதைச் சரியாகக் குறிப்பிட்டுவிட்டால் பிறகு இந்தத் தலைவலியே இல்லை.

தமிழ்த் தொடர்பும் உண்டு. செஞ்சிக் கோட்டை 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர்களின் கையில் இருந்தது. அப்போது மொரிஷியஸும் அவர்களுடையதுதான், பெயர் மட்டும் வேறு. புதுச்சேரிக் கரையிலிருந்து கொத்தனார்களும் கைவினைஞர்களும் கப்பலில் அங்கே போனார்கள். பிறகு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து லட்சக்கணக்கானோர். அவர்கள் வந்து இறங்கிய ‘ஆப்பிரவாசி காட்’ துறை இன்று யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னம். செஞ்சிக் கோட்டைக்கு அந்த அங்கீகாரம் 2025 ஜூலையில்தான் வந்தது. மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். 1998-ல் வெளியான நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று அங்குள்ள தமிழர்கள் போராட, அச்சடித்த நோட்டுகளையே திரும்பப் பெற்று பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தது அந்நாட்டு மத்திய வங்கி. தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறை.

எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்?

சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 4,500 கி.மீ. நேரடி விமானம் கிடைத்தால் ஆறு, ஆறரை மணி நேரம். கோவிட் காலத்தில் நின்றுபோன சென்னை - மொரிஷியஸ் சேவையை ஏர் மொரிஷியஸ் 2024-ல் மீண்டும் தொடங்கியது. ஆனால் அது தினசரி ஓடும் விமானம் அல்ல, அட்டவணையும் மாறும். ஆகவே லீவு சொல்லும் முன்பே நீங்கள் போகும் மாதத்தில் எந்தக் கிழமை விமானம் இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. லீவுக்கு ஏற்ப டிக்கெட் தேடுவதைவிட, டிக்கெட்டுக்கு ஏற்ப லீவு போடுவது இங்கே சுலபம்.

நேரடி விமானம் அமையாவிட்டால் மும்பை வழி. சென்னை - மும்பை இரண்டு மணி நேரம், அங்கிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல். துபாய் வழியாகவும் போகலாம். மேப்பில் பார்த்தால் சிரிப்பு வரும். வடமேற்கே நாலு மணி நேரம் போய், அங்கிருந்து தெற்கே ஆறரை மணி நேரம் திரும்பி வர வேண்டும். சில சமயம் அதுதான் விலை குறைவாகவும் இருக்கும்.

அந்தச் சில ஆயிரம் ரூபாய் எங்கே போகிறது?

ஒரே பிஎன்ஆரில் சென்னை முதல் மொரிஷியஸ் வரை புக் செய்தால், உங்களை மொரிஷியஸில் கொண்டுசேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அடுத்த விமானத்தில் இடம் போட்டுத் தர வேண்டியது அவர்கள் வேலை. பெட்டியும் பெரும்பாலும் சென்னையில் போட்டால் மொரிஷியஸில்தான் கைக்கு வரும்.

தனித்தனி டிக்கெட் என்றால் கதை வேறு. சென்னை - மும்பை நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் மும்பைக்குப் போகிறவர், அவ்வளவுதான். மும்பை - மொரிஷியஸ் நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் மும்பைக்காரர். நடுவில் நடப்பது எதற்கும் யாரும் பொறுப்பில்லை.

நான்கு மணி நேர இடைவெளி இருக்கிறதே, போதாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னை விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். மீதி இரண்டரை மணி. பெல்ட்டில் மூன்று பெட்டியும் வந்து சேர முக்கால் மணி. மீதி ஒன்றே முக்கால். மும்பையில் உள்நாட்டு விமானங்கள் இரண்டு முனையங்களில் இறங்குகின்றன. சர்வதேச விமானங்கள் கிளம்புவது டெர்மினல் 2-ல். டெர்மினல் 1-ல் இறங்கியிருந்தால் வெளியே வந்து, டாக்ஸி பிடித்து, அந்த ஊர் டிராஃபிக்கில் போக வேண்டும். அதற்கு முக்கால் மணி. மீதி ஒரு மணி நேரம். சர்வதேச விமானங்களுக்கு செக்-இன் கவுன்ட்டரைப் பொதுவாக மூடுவதே புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்புதான். விமானம் கண் முன்னாலேயே நிற்கும், ஏற முடியாது.

இதைவிட மோசமான ஒன்று டிக்கெட்டின் சின்ன எழுத்தில் இருக்கிறது. ஏறாமல் விட்டால் அது ‘நோ-ஷோ’. போகும் பயணத்தில் நோ-ஷோ ஆனால், அதே டிக்கெட்டில் இருக்கும் திரும்பும் பயணமும் பெரும்பாலான நிறுவனங்களில் தானாக ரத்தாகிவிடும். அதாவது, புதிதாக வாங்க வேண்டியது மூன்று பேருக்கும் போக மட்டுமல்ல, வரவும்தான். கடைசி நேர விலையில். (ஒரே டிக்கெட் போட்டவர்களுக்கும் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ‘எப்படியும் மும்பையில் ஃப்ரெண்ட் வீட்டில்தானே இருக்கேன், அங்கேயே ஏறிக்கிறேன்’ என்று சென்னை - மும்பை விமானத்தை விட்டுவிட்டால் மீதி எல்லாமே ரத்தாகலாம்.)

எடையும் இடிக்கும். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் ஒருவருக்கு 15 கிலோதான் இலவசம். சர்வதேச டிக்கெட்டில் அதைவிட அதிகம் கிடைக்கும். ஒரே டிக்கெட்டில் பொதுவாக முழுப் பயணத்துக்கும் சர்வதேச அளவே செல்லும். தனித்தனியாகப் போட்டால் சென்னைக் கவுன்ட்டரிலேயே கூடுதல் எடைக்குக் கட்ட வேண்டியிருக்கும். மிச்சம் பிடித்த சில ஆயிரத்தில் முதல் பகுதி அங்கேயே கரையும்.

தனித்தனியாகத்தான் போட முடியும் என்ற நிலை வந்தால், முதல் நாளே மும்பை போய் ஓர் இரவு தங்கிவிடுவது ஒன்றே உருப்படியான வழி. அந்த ரூம் வாடகையையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு வழிக்கும் வித்தியாசம் எவ்வளவு இருக்கிறது என்று அப்போது தெரியும்.

ஏர்போர்ட்டுக்கு முன்னால் ஒரு 150 கி.மீ.

டிக்கெட் ஆப்பில் பயணம் சென்னை ஏர்போர்ட்டில் தொடங்குகிறது. பனமலைக்காரருக்கு வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போகச் சொல்கிறார்கள். காலை 6 மணி விமானம் என்றால் முதல் நாள் இரவு 11 மணிக்கே கிளம்பியாக வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்து, மும்பையில் காத்திருந்து, அதன் பிறகுதான் நீண்ட விமானம். வயதானவர்களுக்கு இது கஷ்டம்.

பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் அந்த முனையம் திறந்த பிறகு தென் மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு மாநகரப் பேருந்தோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். விழுப்புரத்தில் ரயில் ஏறினால் தாம்பரத்தில் இறங்கி, புறநகர் ரயிலில் திரிசூலம் வந்துவிடலாம். ஏர்போர்ட் எதிரிலேயே ஸ்டேஷன். பெட்டிகளோடு படி ஏறி இறங்கத் தெம்பு இருந்தால் இதுதான் மலிவு. டிராஃபிக்கும் கிடையாது.

தீபாவளி, பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் நாளில் மட்டும் கார் பயணத்தை நம்பவே வேண்டாம். பரனூர் டோல்கேட் வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

எந்த மாதம் போகலாம்?

விலையைப் பார்க்கிற அளவுக்கு யாரும் மாதத்தைப் பார்ப்பதில்லை. இந்தப் பயணத்தில் இரண்டு பக்கமும் புயல் இருக்கிறது, வெவ்வேறு மாதங்களில்.

நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அன்று நண்பகலில் மூடப்பட்ட சென்னை ஏர்போர்ட் மறுநாள் அதிகாலையில்தான் திறந்தது. செஞ்சி பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை. டிசம்பர் 2-ம் தேதி விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் தொட, எக்ஸ்பிரஸ் ரயில்கள் ரத்தாகின, பாதை மாற்றப்பட்டன. அந்த வாரம் பனமலையிலிருந்து ஒருவர் கிளம்பியிருந்தால், விமானம் பறந்திருந்தாலும் அதைப் போய்ப் பிடிப்பதே பெரும்பாடு. ஒரே டிக்கெட்டோ தனித்தனி டிக்கெட்டோ, வீட்டிலிருந்து ஏர்போர்ட் வரும் பாதை எந்த பிஎன்ஆரிலும் இல்லை. நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் முதல் நாளே சென்னைக்கு வந்து தங்கிவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அவர்கள் பக்கம் புயல் காலம் நவம்பரில் தொடங்கி மே வரை போகும். உச்சம் ஜனவரி முதல் மார்ச் வரை. 2024 பொங்கல் அன்று, அதாவது ஜனவரி 15-ம் தேதி, பெலால் புயலால் தலைநகர் போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் மூழ்கியது. தெருவில் கார்கள் மிதந்தன, விமான நிலையத்தை மூடினார்கள். அங்கே புயல் எச்சரிக்கையை ஒன்று முதல் நான்கு வரை வகுப்புகளாகச் சொல்வார்கள். மூன்று வந்துவிட்டால் நாடே வீட்டுக்குள். கடற்கரைக்குப் போனவர் ஹோட்டல் ரூமில் ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். நம் ஊர்க்காரர்களுக்கு நீண்ட லீவு கிடைப்பது பொங்கலில் என்பது ஒரு சங்கடம்.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே என்பதால் அங்கே பருவம் தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். குளிர் என்றால் நம் மார்கழி அளவுக்குத்தான். ஆனால் கிழக்குக் கரையில் காற்று பலமாக வீசும். அந்த மாதங்களில் போனால் ஃபிளிக் அன் ஃபிளாக் போன்ற மேற்குக் கரை ஊர்களில் தங்குவது நல்லது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் மே பிற்பகுதியும் ஜூனும் வசதி. இங்கே பள்ளி விடுமுறை, அங்கே புயல் காலம் முடியும் நேரம், கடலும் இன்னும் சில்லிடவில்லை.

பாஸ்போர்ட்டில் பேர் எப்படி இருக்கு?

தமிழ்நாட்டுக்கே உரிய சிக்கல் இது. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் ‘சர்நேம்’ ஆகியிருக்கும். சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். டிக்கெட் ஆப்போ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். ஆதாரைப் பார்த்து நிரப்பக் கூடாது, பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். சர்நேம் காலியாக இருந்தால் என்ன போடுவது என்பதை அந்த விமான நிறுவனத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை.

துபாய் வழியாகப் போய், நடுவில் இரண்டு நாள் ஊர் சுற்றலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது.

பாஸ்போர்ட்டே இல்லாதவர்களுக்கு 36 பக்க சாதாரண பாஸ்போர்ட் கட்டணம் ரூ.1,500. போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்து கைக்கு வரும் வரை டிக்கெட் போடாமல் இருப்பது மேல். ஏற்கெனவே இருந்தால், திரும்பி வரும் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கையில் பணம், பையில் மாத்திரை

மொரிஷியஸ் ரூபாய் ஒன்று நம் பணத்தில் இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 2024 பிப்ரவரி 12 முதல் அங்கே யுபிஐ செல்லும். ஆனால், எல்லாக் கடையிலும் இருக்காது. ஆப்பில் சர்வதேசப் பரிவர்த்தனையை முன்பே ஆன் செய்துவைக்க வேண்டும். கார்டு தேய்த்தால் வங்கி தனியாக ஒரு சதவீதம் பிடிக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் சேரும். இது போய்விடும் பணம் அல்ல, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். அதற்கு அந்த ரசீது பத்திரமாக இருக்க வேண்டும்.

பெற்றோரின் சுகர், பிரஷர் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். தூக்க மாத்திரை, வலுவான வலி நிவாரணி போன்றவற்றில் மொரிஷியஸ் மிகக் கண்டிப்பு. அவை இருந்தால் முன்கூட்டியே அனுமதி தேவையா என்று விசாரிக்க வேண்டும். இ-சிகரெட் கொண்டுபோகவே கூடாது. தோட்டத்துக் கொய்யா, முருங்கை விதை எதையும் பாசமாகப் பையில் வைத்துவிட வேண்டாம். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

ஆறு மணி நேரம் உட்கார்ந்தே…

விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல இருக்கும். ஏறக்குறைய ஊட்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி. காற்று வேறு ரொம்ப உலர்ந்து இருக்கும். நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வு சொல்கிறது. பயப்பட வேண்டாம். அப்படியும் ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்குத்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடந்தால் போதும். அம்மாவுக்கு ஜன்னல் சீட் ஆசை இருந்தாலும், அப்பாவுக்கு நடைபாதை ஓரம் கொடுத்துவிடுங்கள். கூச்சப்பட்டு பாத்ரூமை அடக்கிக்கொள்கிறவர்கள் தண்ணீரையே குடிக்க மாட்டார்கள்.

மூட்டு வலி இருப்பவருக்கு வீல்சேர் கேட்கலாம். குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் வெறும் ‘வெஜ்’ என்று விட்டுவிட்டால் பச்சைக் காய்கறியும் பிரெட்டும்கூட வரலாம். நம் ஊர்ப் பாணி சாப்பாட்டுக்கு ‘ஏவிஎம்எல்’ என்று ஒரு குறியீடு இருக்கிறது. புக்கிங்கில் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

இறங்கின பிறகு?

மொரிஷியஸ் தீவு இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் பாதி அளவுதான். அதனால் ஹோட்டல் எங்கே இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் விமான நிலையம் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. புளூ பே கடற்கரை பக்கத்திலேயே. வடக்கே கிராண்ட் பே என்றால் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ராத்திரி வந்து இறங்கும் விமானம் என்றால் பஸ்ஸை எதிர்பார்க்க முடியாது, மாலைக்குப் பிறகு குறைந்துவிடும். டாக்ஸிக்கு ஏறும் முன்பே விலை பேசிவிட வேண்டும், அல்லது ஹோட்டலிலேயே வண்டி அனுப்பச் சொல்லிவிடலாம். திரும்பும் நாளுக்கும் அதே வண்டியைச் சொல்லிவைத்துவிட்டு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை டிரைவரிடம் அங்கத்து நேரத்தில் சொல்லுங்கள். செல்போனில் இந்திய நேரத்தை மாற்றாமல் விட்டவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே பெட்டியோடு வாசலில் நிற்பார்கள்.